கொலுப்படியும் கம்ப்யூட்டர் மேசையும்



சென்ற நவராத்திரியில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டுக் கொலுவுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். சுண்டல் கைக்கு வந்ததும் அந்த வீட்டுப் பையன், "அங்கிள், அப்படியே என் செட்டப்பையும் பார்த்துட்டுப் போங்க" என்று தன் அறைக்கு அழைத்துப் போனான். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். சுவரை ஒட்டி நீளமான மேசை. இரண்டு மானிட்டர், ஒன்று படுக்கையாக, ஒன்று நெட்டுக்குத்தாக. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் சின்னச் சின்னக் காற்றாடிகள் நிறம் மாறி மாறிச் சுழன்றன. கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் விளக்கு. ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. எந்தப் பாகத்தை எந்த மாதம் வாங்கினான், எப்படிப் பொருத்தினான் என்று கால் மணி நேரம் சொன்னான். ஹாலில் ஒரு கொலு, உள்ளே ஒரு கொலு என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவன் பாட்டி வாசல் வரை வந்தார். "பாங்க் சார், நவம்பர் வருதே. உயிரோட இருக்கேன்னு சர்டிபிகேட் போடணும். போன வருஷம் மாதிரி உங்க வீட்டுக்கே வந்துடறேன்" என்றார்.

"பேரன் போட்டுத் தரமாட்டானா?" என்று கேட்டேன்.

"அவன் நல்ல பிள்ளைதான். எனக்குத்தான் அந்த ரூமுக்குள்ள போகவே பயம். எதையாவது இடிச்சுட்டா?"

என் வீட்டில் இருப்பது ஒரு போனும் ஒரு பழைய லேப்டாப்பும். அவர் வீட்டில் அத்தனை இருந்தும் அவர் என் வீட்டுக்கு வருகிறார். அன்று முதல் இந்த மேசை எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதை எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து 38 ஆண்டு வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று கொடி பிடித்ததும் நான்தான், பிறகு கடன் போட்டு அதை வாங்கியதும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கட்டாத மேசை, காட்டிய மேசை

கம்ப்யூட்டரை வைக்க மேசை வந்தது என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் முதலில் கற்பனையில் வந்தது மேசைதான். 1945 ஜூலையில் அமெரிக்காவின் அட்லாண்டிக் மாத இதழில் வன்னேவர் புஷ் என்ற விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் தன் புத்தகங்கள், கடிதங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் மைக்ரோபிலிமில் ஏற்றி ஒரே மேசைக்குள் வைத்துக்கொள்ளலாம், மேலே சாய்வான திரைகளும் ஒரு கீபோர்டும் இருக்கும், வேண்டியதை நொடியில் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதற்கு மெமெக்ஸ் என்று பெயரும் வைத்தார். அப்படி ஒரு மேசையை யாரும் கட்டவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்த இளைஞர்களில் ஒருவர் டக்ளஸ் எங்கெல்பார்ட்.

1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் மாநாட்டில், சுமார் ஆயிரம் பேர் முன்னால் எங்கெல்பார்ட் மேடையில் உட்கார்ந்தார். கையில் மவுஸ், முன்னால் கீபோர்டு, பின்னால் பெரிய திரை. அவருடைய கம்ப்யூட்டர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கிருந்த சக ஊழியரின் முகத்தைத் திரையில் வரவழைத்துப் பேசினார். ஒரு சொல்லைத் தட்டினால் இன்னொரு பக்கம் திறக்கும்படி செய்து காட்டினார். ஒன்றரை மணி நேரம் நடந்தது. இன்று நம் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து செய்வதில் பாதி அன்றே அந்த மேடையில் நடந்துவிட்டது. எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? இத்தனையையும் விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகைப் பட்டியல். கூட்டத்தில் இருந்தவர்கள் நிபுணர்கள். ஆனாலும் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அதற்கு அடுத்த ஆண்டே இதற்கு நேர்மாறான ஒரு காட்சி. 1969இல் நீமன் மார்கஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடை, கிறிஸ்துமஸ் பரிசுப் பட்டியலில் சமையலறைக் கம்ப்யூட்டர் ஒன்றை விளம்பரம் செய்தது. ஹனிவெல் நிறுவனத்தின் இயந்திரம். விலை 10,600 டாலர். படத்தில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் அதன் பக்கத்தில் நிற்கிறார். சமையல் குறிப்பு சேமிக்கலாம் என்று சொன்னார்கள். ஆனால் அதற்குள் எதையும் செலுத்த ஸ்விட்சுகளைத்தான் மேலும் கீழும் தள்ள வேண்டும், பதில் விளக்குகளாக எரியும். அதைக் கற்கவே இரண்டு வாரப் பயிற்சி. ஒன்றுகூட விற்றதற்குச் சான்று இல்லை. அடுப்படியில் நிற்பவருக்காக என்று சொல்லி, அடுப்படியில் நிற்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் செய்த பொருள் அது. இந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என் வீட்டுக் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆல்ட்டோ பிறந்தது. ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், பெட்டி மேசைக்கு அடியில், திரை மேசைக்கு மேல், பக்கத்தில் மவுஸ். திரை காகிதம் போல நெட்டுக்குத்தாக இருந்தது. நம் பையனின் இரண்டாவது மானிட்டரைப் போல! ஆனால் ஆல்ட்டோ கடைக்கு வரவில்லை.

காலிப் பெட்டியும் பாட்டுப் பாடிய பெட்டியும்

வீட்டுக்கு வந்த கதை 1975 ஜனவரியில் தொடங்குகிறது. பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் என்ற இதழின் அட்டையில் ஆல்ட்டேர் 8800 என்ற பெட்டியின் படம். நியூ மெக்சிகோ மாநிலத்தில் எட் ராபர்ட்ஸ் நடத்திய சிறு கம்பெனி, அதை உதிரிபாகங்களாக 397 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. வாங்குபவர் தானே சால்டரிங் செய்து பூட்டிக்கொள்ள வேண்டும். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் ஸ்விட்சும் விளக்கும்தான். நினைவகம் 256 பைட். இந்தப் பத்தியை அதில் சேமிக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டைப் படம் எடுக்க அனுப்பிய இயந்திரம் வழியில் தொலைந்துபோனது. அதனால் அவசரமாக ஒரு காலிப் பெட்டியைச் செய்து படம் எடுத்தார்கள். உலகம் முதன்முதலில் ஆசையோடு பார்த்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை! ஆனாலும் சில நூறு ஆர்டரை எதிர்பார்த்த கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

காலிப் பெட்டி ஆசையைத்தான் கிளப்பும். அதை வைத்து என்ன செய்வது என்று யார் சொல்வது? அதற்கு ஒரு கார் ஷெட் வழி செய்தது. 1975 மார்ச் 5 அன்று, மென்லோ பார்க்கில் கார்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டு கராஜில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். அவரும் பிரெட் மூரும் சேர்ந்து கூட்டியது. ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர் வைத்தார்கள். நம் சங்கத்தின் முதல் கூட்டமும் வாகன நிறுத்துமிடத்தில்தான் நடந்தது என்பது பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்த மாதம் ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்ட்டேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டி ஒரு நிரலை ஏற்றினார். யாரோ கால் தடுக்கி ஒயர் பிடுங்கிக்கொள்ள, ஏற்றியது எல்லாம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தட்டினார். பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்தார். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது எழும் மின்னலைகள் ரேடியோவில் இரைச்சலாக விழும். அந்த இரைச்சலையே ஒழுங்குபடுத்தி பீட்டில்ஸ் குழுவின் ஒரு பாட்டை வாசிக்க வைத்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதோடு நிற்காமல், எப்படிச் செய்தார் என்பதை எழுதியும் வெளியிட்டார்.

அந்தக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். தான் வடிவமைத்த கம்ப்யூட்டரின் வரைபடத்தைப் பிரதி எடுத்து மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அதுதான் 1976இல் ஆப்பிள் 1 என்று 666.66 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. வெறும் சர்க்யூட் பலகை. பெட்டி, கீபோர்டு, பவர் சப்ளை எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. பலர் மரத்தில் தாங்களே பெட்டி செய்து கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வண்ண விளக்கு வைக்கிற நம் பையனுக்கு முன்னோர்கள் இவர்கள்தான்.

1977இல் ஆப்பிள் 2, கமோடோர் பெட், டி.ஆர்.எஸ்-80 என்று மூன்று இயந்திரங்கள் முழுசாகப் பூட்டியே கடைக்கு வந்தன. சால்டரிங் தெரியாதவரும் வாங்கலாம். சரி, வாங்கி என்ன செய்வது? விளையாட்டைத் தவிர இதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு 1979இல் பதில் சொன்னது விசிகால்க். இந்த இடத்தில் ஒரு வணிகவியல் மாணவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினுக்கு வந்த யோசனை அது. கட்டம் போட்ட தாளில் ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டும். அவை தாமாகவே மாறிக்கொண்டால்? நண்பர் பாப் பிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அதைச் செய்தார். அதற்காகவே ஆப்பிள் 2 வாங்கியவர்கள் ஏராளம். இன்று நம் சங்கப் பொருளாளர் பராமரிப்புக் கணக்கைப் போடும் எக்செல், அந்த வழியில் வந்ததுதான்.

1981 ஆகஸ்ட் 12இல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. தொடக்க விலை 1,565 டாலர். பிரிட்டனில் 1982இல் சிங்க்ளேரின் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்கு வந்தது. அதற்குத் தனித் திரை கிடையாது, வீட்டு டி.வி.யில்தான் இணைக்க வேண்டும். பையன் கம்ப்யூட்டர் போட்டால் அப்பாவுக்குச் செய்தி கிடையாது. சண்டைதான். ஆனால் ஹாலில் நடந்ததால் வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அந்த ஆண்டே பி.பி.சி. தொலைக்காட்சியும் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியது. பி.பி.சி. மைக்ரோ என்ற அந்தப் பாட இயந்திரம்தான் 1984 முதல் நம் நாட்டில் சில நூறு பள்ளிகளுக்கு, 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் அறை

இனி என் கணக்கு. 1983 செப்டம்பர் 8 அன்று வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஆனது. எத்தனை இயந்திரம், எந்த அளவுக் கிளையில் என்பதெல்லாம் பேசி முடிவானவை. அடுத்த ஆண்டு ரங்கராஜன் குழு வங்கிகளைக் கணினிமயமாக்க வழி சொன்னது. அதே 1984 நவம்பரில் மத்திய அரசின் புதிய கம்ப்யூட்டர் கொள்கையும் வந்தது. அந்த நாட்களில் வாயில் கூட்டங்களில் நானும் கோஷம் போட்டேன். அது அறியாமை என்று இன்று சொல்லமாட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமான பயம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் சேவிங்ஸ் லெட்ஜர் பேலன்ஸ் எடுப்போம். கூட்டல் ஒத்துப்போகாது. வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் யாரோ 54 என்பதை 45 என்று எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒரு எழுத்தைத் தேடி இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். 1989 வாக்கில் எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. கண்ணாடி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே போக ஆபரேட்டருக்கு மட்டும் அனுமதி, அவருக்குத் தனிப்படி உண்டு. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம், கர்ப்பகிருகத்தைப் பார்ப்பது போல. ஒரு நாள் அந்த ஆபரேட்டர், என்னைவிடப் பத்து வயது இளையவர், "சார், வாங்க, ஒரு அக்கவுண்டை நீங்களே போஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். ஐந்து நிமிடம். எத்தனையோ ஆண்டுப் பயம் அந்த ஐந்து நிமிடத்தில் பாதியாகிவிட்டது.

அந்த நாற்காலியை நான் மறந்ததில்லை. ஆனால் அதன் பாடத்தை மறந்துவிட்டேன்.

1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அதே மாதம் விண்டோஸ் 95 வெளியானது. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. 1998இல் நானும் கடன் போட்டு, சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிப் பூட்டித் தருகிற ஒருவரிடம் 45,000 ரூபாய்க்கு ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். 14 அங்குலக் கலர் மானிட்டர். ஸ்பீக்கர். தச்சரை வைத்து, கீபோர்டு வைக்க இழுப்புத் தட்டு வைத்த மேசை. மானிட்டருக்கு, சி.பி.யூ.வுக்கு, கீபோர்டுக்குத் தனித்தனி உறை. ஹாலில் வாசலுக்கு நேராக வைத்தேன். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படவேண்டும் அல்லவா! ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். உறவினர் வந்தால் உறையை எடுத்து, ஒரு பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, மறுபடி மூடுவேன்.

என் மனைவி அப்போது ஒரு முறை கேட்டாள்: "எங்கம்மா சொன்ன ஊறுகாய்ப் பக்குவம் எல்லாம் துண்டுத் தாள்ல இருக்கு. இதுல அடிச்சு வச்சுக்கலாமா?" இருந்த வழி எனக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் தன் சொந்த முயற்சியில் செய்த மயிலை எழுத்துரு அப்போதே இருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு இருந்தது. அந்த 1998 பொங்கலன்றுதான் மதுரைத் திட்டம் தொடங்கி, உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் தம் வீட்டு மேசையில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. நானோ, "அப்புறம் பார்க்கலாம், நீ ஏதாவது தட்டி வைரஸ் வந்துடப்போகுது" என்றேன். தட்டினால் வைரஸ் வராது என்று அன்றே எனக்குத் தெரியும்.

2007இல் அந்தக் கம்ப்யூட்டர் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறியது. எடைக்குப் போகிற நேரத்தில் அவள் சொன்னாள்: "ஒன்பது வருஷம் இதுக்குத் தூசு தட்டினேன். ஒரு எழுத்துத் தட்டல." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. நீமன் மார்கஸ் பட்டியலில் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற பெண் என் வீட்டிலும் நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. மேசையே இல்லாத வீடுகளிலும் பாயில் உட்கார்ந்து, மடியில் வைத்துக் கற்றார்கள். அம்மாவும் தங்கையும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைகளே அலுவலகம் ஆயின. பிறகு பிள்ளைகள் தனி மேசை வாங்கி, அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேலை அப்படி, குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. தன் கம்ப்யூட்டரைப் பிறருக்குக் காட்டி மகிழ்வது முதல் நாளிலிருந்தே உண்டு. அதில் தவறே இல்லை. அந்த ஆசை இல்லாவிட்டால் இந்தப் பொருள் கராஜைத் தாண்டி வந்திருக்காது. கொலுவும் காட்டத்தான் வைக்கிறோம். ஆனால் கொலுவுக்கு வந்தவரைப் பாடச் சொல்கிறோம், வெறுமனே பார்த்துவிட்டுப் போகச் சொல்வதில்லை. டாம்பியரும் வாஸ்னியாக்கும் அந்த வங்கி ஆபரேட்டரும் அதைத்தான் செய்தார்கள். நான் செய்யவில்லை.

அதனால் இளைஞர்களே, உங்கள் மேசையைக் கட்டாயம் காட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, உங்கள் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்துக் காட்டுங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும். தப்பாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொலு வீட்டுப் பையனிடமும் பேசினேன். "பாட்டி பயப்படறாங்கன்னே எனக்குத் தெரியாது அங்கிள்" என்றான். அந்த வார ஞாயிறே பாட்டியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறான். அவர் முதலில் செய்த வேலை, கீபோர்டின் விளக்கு நிறத்தை மாற்றச் சொல்லிக் கேட்டதாம்.

நிர்வாகக் குழுவின் அனுமதியோடு ஓர் அறிவிப்பு. நவம்பர் மாத ஞாயிறுகளில் மாலை 4 முதல் 6 வரை சங்க அலுவலகத்தில் இரண்டு லேப்டாப் வைத்திருப்போம். தமிழில் தட்டச்சு, ஓய்வூதியச் சான்றிதழ், மின்கட்டணம் என்று எதை வேண்டுமானாலும் வந்து தட்டிப் பார்க்கலாம். கொலு வீட்டுப் பையனும் நானும் பக்கத்தில் இருப்போம். கடவுச்சொல், ஓ.டி.பி. இரண்டையும் எங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டலாம். வர விரும்புகிறவர்கள் காவலர் அறையில் உள்ள நோட்டில் பெயர் எழுதவும்.

முதல் பெயர் என் மனைவியுடையது. ஊறுகாய்ப் பக்குவத் தாள்களை எடுத்து வைத்துவிட்டாள்.